சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? சென்னைப் பயிற்சி மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணா நகரிலும் சென்னையின் மற்றப் பகுதிகளிலும் குடிமைப் பணித் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்கும் பயிற்சி மையம் நடத்துகிறவர்களுக்கு, வணக்கம்.

உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல். ஒவ்வோர் ஆண்டும் முடிவு வந்ததும் உங்கள் மையத்திலிருந்து எத்தனை பேர் தேறினார்கள் என்று பேனர் வைக்கிறீர்கள். அந்த ஆண்டு எத்தனை பேர் உங்களிடம் பணம் கட்டிச் சேர்ந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர் உங்களிடம் எந்த வகுப்பில், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் அவருடைய ரேங்க் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் அச்சிடுங்கள்.

நான் தமிழ்நாடு அரசுப் பணியில் இருப்பவள். அருப்புக்கோட்டைப் பக்கம் ஊர். கல்லூரி முடித்ததும் யுபிஎஸ்சிக்கு, அதாவது மத்தியத் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வுக்கு, படிக்க அண்ணா நகருக்கு வந்தேன். சாந்தி காலனியில் பிஜி விடுதியில் தங்கி, டவர் பார்க்கில் தோழிகளோடு கரண்ட் அஃபயர்ஸ் பேசி, சில ஆண்டுகள் அப்படியே போயின. கடைசியில் டிஎன்பிஎஸ்சியின் குரூப் 2 எழுதி வேலைக்குப் போனேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் சில நண்பர்களும் தமிழில் மெயின்ஸ் எனும் முதன்மைத் தேர்வை எழுதுகிற பிள்ளைகளுக்கு விடைத்தாள் திருத்திக் கொடுக்கிறோம். அவர்களோடு பேசும்போது அடிக்கடி காதில் விழுவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் உங்கள் தொழிலுக்கு எதிரி இல்லை. பயிற்சி மையங்கள் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் இந்தத் தேர்வின் பக்கமே வந்திருக்க மாட்டோம். யுபிஎஸ்சி பாடத்திட்டத்தைக் கையில் எடுத்து, இதில் எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று பிரித்துக் காட்ட எங்கள் ஊரில் யாரும் கிடையாது. வருவாய்ப் பற்றாக்குறைக்கும் நிதிப் பற்றாக்குறைக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவைத்தவர் அண்ணா நகரில் வகுப்பெடுத்த ஓர் ஆசிரியர்தான். இன்றும் பட்ஜெட் நாளில் அவரை நினைத்துக்கொள்வேன். அப்படிப்பட்ட நல்ல ஆசிரியர்கள் உங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்தின் வாசலில் உண்மையான கணக்கு தொங்க வேண்டும் என்று நினைப்பதால்தான் எழுதுகிறேன்.

2024-ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். முதல் கட்டமான பிரிலிம்ஸ் எழுத வந்தவர்கள் 5,83,213 பேர். அதில் தேறி மெயின்ஸுக்குப் போனவர்கள் 14,627 பேர். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் 2,845 பேர். 2025 ஏப்ரல் 22 அன்று வந்த இறுதிப் பட்டியலில் 1,009 பேர். இவை தேர்வாணையமே வெளியிட்ட எண்கள்.

பிரிலிம்ஸ் எழுதியவர்களில் ஏறத்தாழ 578 பேருக்கு ஒருவர்தான் பட்டியலில் வருகிறார். ஆனால் நேர்முகத் தேர்வு வரை வந்துவிட்டவர்களில் மூன்று பேருக்கு ஒருவருக்கும் மேல் தேறிவிடுகிறார்கள். ஒரு மையம் மாதிரி நேர்முகத் தேர்வு, அதாவது நீங்கள் சொல்லும் மாக் இன்டர்வியூ, மட்டும் நடத்தினால்கூடப் போதும். அதற்கு வருகிறவர்கள் எல்லோரும் 200 பேருக்கு ஒருவர்கூடத் தாண்டாத இடத்தைத் தாண்டி வந்தவர்கள். முந்நூறு பேர் வந்து போனால் அதில் நூறு பேர் தேறுவார்கள். அந்த நூறு படங்களையும் வரிசையாக ஒட்டலாம். அதைப் பார்த்து வந்து சேர்கிறவன் யார்? இன்னும் பிரிலிம்ஸே எழுதாதவன். அவன் பணம் கட்டுவது மாக் இன்டர்வியூவுக்கு இல்லை. ஒரு லட்சத்தைத் தாண்டும் முழுநேர வகுப்புக்கு. அந்த வகுப்பில் படித்தவர்களில் எத்தனை பேர் பிரிலிம்ஸ் தேறினார்கள் என்பது அந்தப் பேனரில் எங்கேயும் இல்லை.

எனக்கே இது நடந்தது. குரூப் 2 நேர்முகத் தேர்வுக்கு முன்னால் ஒரு மையம் இலவசமாக மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தியது. போய்வந்தேன். அதற்கு முன்னும் பின்னும் அந்தப் படியை நான் மிதித்ததில்லை. முடிவு வந்த பிறகு அவர்கள் பேனரில் என் படமும் பெயரும் பதவியும் வந்தன. கீழே ‘எங்கள் மாணவி’ என்று ஒரு வரி. என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஊரிலிருந்து, எனக்கு மாமா முறையாகும் ஒருவர் போன் செய்தார். “பாப்பா, ஒம் போட்டோவப் பாத்துத்தான் நம்ம பயல அங்க சேத்துவிட்டேன். நல்லா சொல்லித் தருவாங்கல்ல?” என்றார். அவர் மகனைச் சேர்த்திருந்தது ஐஏஎஸ் முழுநேர வகுப்பில். நான் தேறியது வேறு தேர்வில், அந்த வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராமல். அத்தையின் நகையை அடகு வைத்துப் பணத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். “அப்ப அந்தப் படத்த எதுக்குப் போட்டாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. அதை உங்கள் முன்னால் வைக்கிறேன்.

நான் கேட்பது புதிதும் இல்லை. 2024 நவம்பர் 13 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்தது. தேறியவரின் பெயரையும் படத்தையும் போட, அவர் தேறிய பிறகு எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்க வேண்டும். படத்தோடு அவர் படித்த வகுப்பையும், அதற்கு அவர் பணம் கட்டினாரா என்பதையும் சொல்ல வேண்டும். விளம்பரத்தின் மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிட்டுத் தப்பிக்கக் கூடாது. அந்த ஆணையம் பல மையங்களின் விளம்பரங்களை விசாரித்தபோது, படத்தில் இருந்த பலர் இலவச நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கு மட்டும் வந்தவர்கள் என்று தெரிந்தது. அபராதமும் போட்டார்கள். ஆக, வகுப்பின் பெயரைப் போடுவது உங்கள் கடமை. அதற்கு மேல் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்வதுதான் நான் உங்கள் மனசாட்சியிடம் கேட்பது.

அந்த எண்ணிக்கை ஏன் அவ்வளவு முக்கியம்? அது வெளியே வந்தால் பெற்றோர் ஏமாற மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். வகுப்பறைக்குள் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று நீங்களே திரும்பிப் பார்ப்பீர்கள் என்பது இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலர் சிசாட் என்கிற, பிரிலிம்ஸின் இரண்டாம் தாளில் விழுந்தவர்கள். அது வெறும் தகுதித் தாள்தான், 33 சதவீதம் எடுத்தால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். 80 கேள்வி, 200 மதிப்பெண், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இன்ஜினியரிங் படித்தவர்களில் பலர் சமாளித்துவிடுகிறார்கள். தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு முடித்த பிள்ளைக்கு, கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கும்போது, அந்த ஆங்கிலப் பத்தியை வாசித்து நுணுக்கமான நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பெரிய மலை. முதல் தாளில் கட்-ஆஃபைத் தாண்டியும் இரண்டாம் தாளில் அந்த 33 சதவீதம் வராமல் ஓர் ஆண்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவைப்பட்டது தினமும் ஒரு மணி நேரக் கணக்கும் ஆங்கில வாசிப்பும். கிடைத்ததோ தேர்வுக்கு முந்தைய மாதத்தில் ஒரு கிராஷ் கோர்ஸ். முழுநேர வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சிசாட்டில் தவறினார்கள் என்று நீங்கள் எண்ணிப் பார்த்தாலே இது மாறிவிடும்.

முதல் தாளும் அப்படித்தான். 2023-ல் பொதுப் பிரிவுக்கு கட்-ஆஃப் 200-க்கு 75.41. 2024-ல் 87.98. பாதி மதிப்பெண்கூட இல்லை. எல்லாவற்றையும் படித்தவனைத் தேடுகிற தேர்வு இது இல்லை. அரைகுறையாகத் தெரிந்த கேள்வியில் எதைத் தொடலாம், எதை விடலாம் என்று இரண்டு மணி நேரத்துக்குள் நிதானமாக முடிவெடுப்பவன் தாண்டிவிடுகிறான். பழைய கேள்வித்தாள்களை எடுத்து, ஒவ்வொரு கேள்வியிலும் எந்தச் சொல்லை வைத்து விடையை நீக்கினோம் என்று உட்கார்ந்து பேசினால் அந்தப் பழக்கம் வரும். மாதாமாதம் தடிமனாக ஒரு கரண்ட் அஃபயர்ஸ் புத்தகத்தைக் கையில் கொடுப்பது சுலபம். முப்பது பேரோடு உட்கார்ந்து ஒரு பழைய தாளைப் பிரித்துப் பேசுவது கடினம். கடினமான வேலைக்குத்தான் அந்தக் கட்டணம் என்று நம்பித்தான் அவர்கள் வருகிறார்கள்.

மெயின்ஸ் இன்னும் கடினம். பொது அறிவுத் தாள் ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், 250 மதிப்பெண். முதல் மூன்று தாள்களில் 20 கேள்விகள், பாதிக்கு 150 சொல், மீதிக்கு 250 சொல். ஒரு விடைக்குச் சராசரியாக ஒன்பது நிமிடம். யோசித்து எழுத நேரம் இல்லை, யோசித்து முடித்ததைத்தான் எழுத முடியும். எழுதிய விடைத்தாளைத் தேர்வாணையம் திருப்பிக் காட்டுவதில்லை, மதிப்பெண்ணை மட்டும் சொல்லும். எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்ள, தேர்வுக்கு முன் வேறு ஒருவர் திருத்திக் கொடுத்தால்தான் உண்டு. உங்கள் மாதிரித் தேர்வு வரிசையில், அதாவது டெஸ்ட் சீரிஸில், சேர்கிறவர்கள் அதற்காகத்தான் சேர்கிறார்கள். திரும்பி வருகிற தாளில் ‘நன்று’, ‘இன்னும் விரிவாக’ என்ற இரண்டு குறிப்புகள் மட்டும் இருக்கின்றன. எதை விரிவாக? நிலச் சீர்திருத்தம் பற்றிய விடையில் 1961-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உச்சவரம்புச் சட்டத்தைச் சொல்லாமல் விட்டதா? கேள்வி ‘விமர்சித்து எழுதுக’ என்று கேட்டபோது விவரித்து மட்டும் எழுதியதா? அதைச் சொல்கிற குறிப்புத்தான் ஒரு விடையை அடுத்த முறை இரண்டு மதிப்பெண் ஏற்றும். முதலிடம் பெறுகிறவரே மொத்தம் 2025-க்குப் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் எடுக்கிற தேர்வில் ஒவ்வொரு விடையிலும் கூடும் அரை மதிப்பெண் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியாதா?

இதைத் தமிழில் எழுதும் பிள்ளைக்கு வைத்துப் பாருங்கள். மெயின்ஸை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் எழுதலாம். நேர்முகத் தேர்விலும் தமிழில் பேசலாம். 2013 மார்ச்சில் மாநில மொழிகளில் எழுதத் தேர்வாணையம் புதுக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தபோது, தமிழ்நாடும் சேர்ந்து எதிர்த்துத்தான் அவை திரும்பப் பெறப்பட்டன. அப்படிக் காத்த உரிமை அண்ணா நகரில் எப்படி இருக்கிறது? ‘தமிழ் வழி பேட்ச்’ என்று விளம்பரம் இருக்கிறது. உள்ளே போனால் ஆங்கில நோட்ஸை அவசரமாக மொழிபெயர்த்த ஜெராக்ஸ். ஒரே பக்கத்தில் ‘கூட்டாட்சி’யும் ‘சமஷ்டி’யும் ‘ஃபெடரல்’ முறையும் வெவ்வேறு விஷயங்கள் போல வரும். தமிழ் இலக்கியம் விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கு நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பொருளாதாரத்தையும் சுற்றுச்சூழலையும் தமிழில் எழுதினால் திருத்த ஆள் இல்லை. எங்களிடம் வந்த ஒரு பெண், மூன்று மாதம் டெஸ்ட் எழுதியும் ஒரு தாள்கூடத் திருத்தித் திரும்பி வரவில்லை என்று சொன்னாள். “தமிழ்ல எழுதுறவங்க கம்மி, ஆளு வந்ததும் பாத்துத் தரோம்” என்றார்களாம். ஆள் வருவதற்குள் மெயின்ஸ் வந்துவிட்டது. தமிழ் வழியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் மெயின்ஸ் தேறினார்கள் என்று தனியாக எழுதி ஒட்ட வேண்டியிருந்தால் இந்த நிலை நீடிக்குமா?

டிஎன்பிஎஸ்சிக்கு வருகிறேன். 2025-ல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு 3,935 இடங்களை அறிவித்தார்கள். விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 13 லட்சத்து 89 ஆயிரம் பேர். அந்தத் தேர்வுக்கு ஒரே கட்டம்தான். 200 கேள்விகள், அதில் 100 தமிழ். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளிப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதுதான் அடித்தளம். யுபிஎஸ்சி கேட்பது வேறு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வகுப்பு என்று விற்கும்போது, வருகிறவர்களுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். டெஸ்ட் பேட்ச்சில் மட்டும் சேர்ந்து குரூப் 4 தேறியவர்களை ஐஏஎஸ் வகுப்பு விளம்பரத்தில் மொத்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெற்றியாளர்கள் ஆயிரம் பேர் என்று போட்டால் எந்தத் தேர்வில், எந்த வகுப்பில் என்று கேட்கத் தெரியாத அப்பா அம்மாக்கள்தான் உங்கள் கவுன்டருக்கு வருகிறார்கள்.

கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் உங்கள் ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ராஜா அண்ணாமலைபுரத்தில் தமிழ்நாடு அரசின் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. நுழைவுத் தேர்வில் தேறினால் தங்கிப் படிக்கலாம். நான் முதல்வன் திட்டத்தில் ஆண்டுக்கு 1000 பேரைத் தேர்ந்தெடுத்துப் பிரிலிம்ஸுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். பிரிலிம்ஸ் தேறினால் மெயின்ஸுக்கு 25,000, நேர்முகத் தேர்வுக்குப் போனால் 50,000. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். வட்டிக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் வந்து நின்றால், இவற்றை முதலில் முயன்று பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் மையம் மூடிவிடாது. பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பிள்ளை என்றால், மாநில அரசின் சாதிச் சான்றிதழ் வேறு, மத்திய அரசுக்கான ஓபிசி சான்றிதழ் வேறு, அதைக் காலத்தில் வாங்கிவிடு என்றும் சொல்லுங்கள். கடைசி நாளில் தாலுகா அலுவலகத்தில் அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாதியில் நிற்கிறவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகளில், முழுக் கட்டணம் கட்டியவர் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ரசீதின் பின்பக்கத்தில் ‘கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளையும் யோசித்துப் பார்த்தேன். சேர்கிறவர்களில் பாதிப் பேர் ஒழுங்காக வகுப்புக்கே வருவதில்லை, அவர்களையும் கணக்கில் சேர்த்தால் எங்கள் பெயர் கெட்டுப்போகும் என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் வருகைப் பதிவு முக்கால்வாசிக்கு மேல் இருந்தவர்களுக்குத் தனிக் கணக்குப் போடுங்கள், இரண்டையும் வெளியிடுங்கள். பாதிப் பேர் ஏன் வருவதில்லை என்பதும் அப்போது தெரியவரும். பக்கத்து மையம் சொல்லாதபோது நாங்கள் மட்டும் சொன்னால் கூட்டம் அங்கே போய்விடும் என்பது அடுத்த மறுப்பு. இது உண்மையான சிக்கல். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒரே தெருவில் இருக்கிறீர்கள், ஒருவருக்கொருவர் ஆசிரியர்களைப் பரிமாறிக்கொள்கிறீர்கள். பிரிலிம்ஸ் முடிந்து புது பேட்ச் தொடங்கும் முன்னால் ஒருமுறை கூடிப் பேசி, எல்லா மையங்களும் ஒரே படிவத்தில் இந்த எண்களைத் தருவது என்று முடிவெடுக்க முடியும்.

அந்தப் படிவம் ஒரு பக்கம் போதும். எந்த ஆண்டு, எந்த வகுப்பு, கட்டணம் எவ்வளவு, சேர்ந்தவர்கள், பிரிலிம்ஸ் எழுதியவர்கள், தேறியவர்கள், மெயின்ஸ் தேறியவர்கள், பட்டியலில் வந்தவர்கள். தமிழ் வழிக்குத் தனி வரிசை. மாக் இன்டர்வியூவுக்கு மட்டும் வந்தவர்களுக்குத் தனி வரிசை. சேர்க்கை விண்ணப்பத்தோடு அதையும் கொடுங்கள், கையெழுத்துப் போடும் முன் அப்பாவோ அம்மாவோ அதைப் படிக்க ஐந்து நிமிடம் விடுங்கள்.

தமிழ் விடைத்தாள் திருத்த ஆள் இல்லை என்பதுதான் தடை என்றால், அதற்கு நாங்கள் வருகிறோம். எங்களில் வருவாய்த் துறையில் இருப்பவர்கள் உண்டு, கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர் உண்டு, மெயின்ஸை முழுக்கத் தமிழில் எழுதியவர்களும் உண்டு. பணம் வேண்டாம். நாங்கள் திருத்தும் தாள் ஒரு வாரத்துக்குள் அந்தப் பிள்ளையின் கைக்குப் போய்விட வேண்டும், அதற்காக அவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. இந்த இரண்டுதான் எங்கள் நிபந்தனை. அடுத்த டெஸ்ட் சீரிஸ் அட்டவணை போடும்போது சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அண்ணா நகரில் படித்த ஓர் அரசு ஊழியர்,
சென்னை